மரம் செதுக்கும் சின்ன பிட்டுகளைப் பிரித்து, அடுக்கி, துருப்பிடிக்காமல் வைக்க: முழுமையான வழிகாட்டி

காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் பிட்டுகள் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின்னிலோ பழைய மருந்து டப்பாவிலோதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உருண்டை, கூம்பு, டைமண்ட், கல் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும். இதைச் சரிசெய்ய அவர்கள் முதலில் செய்கிற காரியமும் ஒன்றுதான். கடைக்குப் போய் அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, இருப்பதை எல்லாம் அதில் போட்டுவிடுவார்கள். ஒரு மாதம் போனால் அந்தப் பெட்டியும் பழைய டின்னைப் போல ஆகிவிடும்.

பெட்டியும், பிட்டுகளைச் சொருகி நிறுத்தத் துளை போட்ட கட்டையும் கடைசியில் வரவேண்டியவை. அதற்கு முன்பு பிட்டுகளைக் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், தண்டை, அதாவது மெஷினுக்குள் போகும் காம்பை, அளக்க வேண்டும், வேலைப்படி பிரிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். எத்தனை துளை, எந்த அளவு, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் பிட்டுகளைப் பிரித்து முடித்த பிறகுதான் தெரியும்.

இங்கே பிட் என்று சொல்வது ரோட்டரி மெஷின், தொங்கும் மோட்டார், சின்ன டை கிரைண்டர் ஆகியவற்றில் மாட்டிச் செதுக்கும் தலைகளை. துளை போடும் டிரில் பிட் வேறு, அதை இதில் கலக்காதீர்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தடிமனை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். டிஜிட்டல் என்றால் நல்லது. ஸ்கேலை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது, காரணம் நான்காவது படியில் வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது போதும்.

வெள்ளை வேட்டித் துணி, ஒரு கண்ணாடித் துண்டு, பித்தளைக் கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டு, பாத்திரம் கழுவும் சோப்பு, தையல் மெஷின் எண்ணெய். கட்டை செய்ய 40 மி.மீ. கனமுள்ள நன்றாகக் காய்ந்த பலகை, டிரில் ஸ்டாண்டு, 2.5, 3.5, 6.5 மி.மீ. டிரில் பிட்டுகள்.

ஐம்பது அறுபது பிட்டுகள் இருந்தால் கழுவுவது முதல் பிரிப்பது வரை அரை நாள் ஆகும். கட்டைக்குத் தனியாக ஒரு நாள். அவசர வேலை கையில் இருக்கும்போது தொடங்க வேண்டாம். பாதியில் விட்டால் பிட்டுகள் மறுபடியும் கலந்துபோகும்.

2. எல்லாவற்றையும் ஒரே துணியில் பரப்புங்கள்

டின்னில் இருப்பது மட்டும் கணக்கில்லை. மெஷினில் மாட்டியிருப்பது, மேசை இழுப்பறை, சட்டைப் பை, செதுக்கி நிறுத்திவைத்த பலகைக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் தேடிக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் துணியில் பரப்பினால் 1 மி.மீ. தலைகூடக் கண்ணுக்குத் தப்பாது.

டின்னைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். கார்பைடு மிகக் கடினம், ஆனால் உடையக்கூடியது. இரும்பு வளையும், கார்பைடு வளையாது, சிதறும். ஒரு கார்பைடு தலை இன்னொன்றின் மீது விழுந்தால் பல்லின் நுனி பெயர்ந்துவிடும். ஒவ்வொன்றாகத் தண்டைப் பிடித்து எடுங்கள்.

3. கழுவுதல், பிறகு சோதனை

முதலில் ஏன் கழுவ வேண்டும் என்றால், பிசின் அப்பிய பிட் மழுங்கிய பிட்டைப் போலவே நடந்துகொள்ளும். மரம் கருகும், புகை வரும், கை அழுத்தம் கூடும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து பிட் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். சரியாகக் காயாத வேப்பமரத்தில் வேலை செய்த பிட்டை எடுத்துப் பாருங்கள், பல் இடுக்கு முழுவதும் பழுப்பு நிறத்தில் அடைத்திருக்கும். அடைப்பை எடுத்தால் பாதி பிட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

எல்லா வகைக்கும் ஒரே கழுவல் ஆகாது.

வரி வரியாகப் பல் வெட்டிய கார்பைடு, ஸ்டீல் பிட்டுகள்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10, 15 நிமிடம் ஊறவிட்டு, பித்தளை பிரஷால் பல்லின் வரியோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு உள்ளே அழுந்தும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். பித்தளை மிருதுவானது, பல்லைக் கெடுக்காது.

முள் முள்ளாக நிற்கும் கார்பைடு தலைகள்: இதே ஊறல், இதே பித்தளை பிரஷ். முள்ளின் அடியில் அடைத்த நாரை எடுக்க ஊசி பயன்படும். சிலர் அடுப்பு நெருப்பில் காட்டி மரத்தூளை எரித்து எடுக்கிறார்கள். தயாரிப்பாளரே அனுமதித்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள். தலையைத் தண்டோடு பற்ற வைத்த இடம் சூட்டில் தளர்ந்துபோனால், மெஷின் ஓடும்போது தலை தனியே பறக்கும்.

டைமண்ட், ரூபி பிட்டுகள்: டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் மட்டும். கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். இவற்றில் துகள்கள் ஒரு மெல்லிய பூச்சில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டைமண்ட் பிட் மெழுகியது போல வழுக்கினால், வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லில் மெதுவான வேகத்தில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள், முகம் மறுபடி திறந்துகொள்ளும்.

சாணைக்கல், ரப்பர், ஃபெல்ட் தலைகளைத் தண்ணீரில் போடவே கூடாது. கல் தண்ணீரைக் குடித்துவிட்டு வேகத்தில் சுற்றும்போது சமநிலை கெடும். இவற்றை உலர்ந்த பிரஷால் தட்டினால் போதும்.

கழுவியதை உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அரை மணி நேரம் தாராளம். மழை நாளில் மேசை விளக்கின் கீழ் வைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, தண்டை மட்டும் துடையுங்கள். தலையில் எண்ணெய் பட்டால் அது மரத்துக்குப் போகும், பாலிஷ் அந்த இடத்தில் மட்டும் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக அது பிசுக்காகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். மெஷினில் மாட்டும்போது தண்டை உலர்ந்த துணியால் ஒரு தரம் துடைத்துவிட வேண்டும், எண்ணெயோடு மாட்டினால் பிடி வழுக்கும்.

இப்போது சோதனை. கண்ணாடித் துண்டின் விளிம்புக்கு வெளியே தலை நீட்டியிருக்க, தண்டை மட்டும் கண்ணாடி மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நேரான தண்டு சத்தமில்லாமல் உருளும், தலை ஒரே இடத்தில் சுற்றும். வளைந்த தண்டு துள்ளும், தலை வட்டம் போடும். வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிமிடத்துக்கு 25,000, 30,000 சுற்றில் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத வளைவுகூடச் சாட்டையைப் போல வீசும். முறிந்த துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளைந்தது குப்பைக்கு, அதுவும் ஒரு பாட்டிலில் போட்டு மூடி.

அடுத்து லென்ஸ். ஒரு பூஜை அறைக் கதவில் மயிலின் கண்ணை 1.5 மி.மீ. உருண்டையால் குடைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் கண்ணின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. கையைக் குறை சொன்னேன், மரத்தைக் குறை சொன்னேன். கடைசியில் லென்ஸில் பார்த்தால் பிட்டின் ஒரே ஒரு பல்லில் அரிசிக் குருணையின் முனை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. வெறும் கண்ணுக்குப் புத்தம் புதிது. டின்னில் மற்றவற்றோடு கிடந்த பிட் அது. அன்றுமுதல் 3 மி.மீ.க்குக் குறைந்த எந்தத் தலையையும் லென்ஸில் பார்க்காமல் நான் அடுக்குவதில்லை.

மழுங்கியவை, லேசாகப் பல் போனவை என்று இரண்டாம் தரத்தில் ஐந்தாறு வைத்துக்கொள்ளலாம். எம்டிஎஃப் பலகை, பழைய பெயிண்ட் சுரண்டுவது போன்ற வேலைக்கு உதவும். அவற்றின் இடம் வேறு கட்டை. நல்லவற்றோடு ஒரே வரிசையில் நின்றால் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

4. தண்டை அளந்து பிரியுங்கள்

முதல் பிரிவினை தலையின் வடிவத்தை வைத்து அல்ல, தண்டின் தடிமனை வைத்து. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். உருண்டை எல்லாம் ஒரு பக்கம், கூம்பு எல்லாம் ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்துவிடுவார்கள். ஆனால் வேலை நடுவில் எடுத்த பிட், மெஷினில் மாட்டியிருக்கும் கோலட்டுக்குள், அதாவது தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிடிக்குள், சேராது.

சந்தையில் நடைமுறையில் பார்க்கும் தண்டுகள் இவை. செயற்கைப் பல் செய்யும் லேப், நகை வேலை மைக்ரோ மோட்டார்களுக்கு 2.35 மி.மீ. ரோட்டரி மெஷின்களுக்கு 3.175 மி.மீ., அதாவது அரைக்கால் அங்குலம், அட்டையில் 3.2 என்று போட்டிருக்கும். மலிவான செட்டுகளில் நிறைய வருவது 3 மி.மீ. டை கிரைண்டருக்கு 6 மி.மீ., வெளிநாட்டுப் பிட் என்றால் கால் அங்குலம், 6.35 மி.மீ.

இதில் ஆபத்தான ஜோடி 3-ம் 3.175-ம். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பி இரண்டையும் விரல் நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணாத்தான கீதுண்ணா” என்றான். வெர்னியரை அவன் கையிலேயே கொடுத்தேன். ஒன்று 3.00, இன்னொன்று 3.17 காட்டியது. “இத்தினியூண்டுக்கா?” என்றான்.

அந்த இத்தனூண்டுதான் விஷயம். 3.2 கோலட்டில் 3 மி.மீ. தண்டை இறுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். கோலட்டின் இதழ்கள் தண்டை முழு நீளத்துக்கும் பிடிக்காமல் ஒரு முனையில் மட்டும் கவ்வும். ஓடும்போது பிட் ஒரு பக்கமாகச் சாயும், அல்லது மெல்ல மெல்ல வெளியே நழுவும். செதுக்கும் ஆழம் தானாகக் கூடுவதைப் பார்த்துக் கை தவறிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். 6-ம் 6.35-ம் இப்படியேதான். 6.35 தண்டு 6 மி.மீ. கோலட்டில் போகாது என்பதால் அந்தப் பக்கம் தவறு நடக்காது, 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் கோலட்டில் மாட்டுவதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு பிட்டையும் அளந்து, துணியில் ஐந்து குவியலாக வையுங்கள். செட்டாக வாங்கியதையும் அளக்க வேண்டும். ஒரே செட்டில் 3-ம் 3.175-ம் கலந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1.6 மி.மீ. தண்டு கண்ணில் பட்டால் அது பல் மருத்துவர்கள் வாயில் வேலை செய்யும் டர்பைன் கருவிக்கானது. ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஊர் இது, யாராவது பயன்படுத்திய பல் பர்களை, அதாவது பல் குடையும் பிட்டுகளை, சும்மா தருகிறேன் என்று சொல்லக்கூடும். வாங்காதீர்கள். நோயாளியின் வாயில் போய்வந்த கூர்மையான பொருள் மருத்துவக் கழிவு. அது பட்டறைக்குள் வரவே கூடாது. புதிதாக வாங்கும் பல் லேப் பிட்டுகள் வேறு, அவை மரத்தில் நுண்வேலைக்கு மிக நன்றாக ஓடும்.

5. ஒவ்வொரு குவியலையும் வேலை வரிசையில் அடுக்குங்கள்

இப்போதுதான் வடிவத்துக்கு வருகிறோம். வடிவத்தையும் செதுக்கும் வரிசையை ஒட்டியே அடுக்க வேண்டும். இடமிருந்து வலமாக நான்கு கூட்டம்: மரத்தை அள்ளி எடுப்பவை, உருவம் கொண்டுவருபவை, கண், நகம், இலை நரம்பு போன்ற நுண்வேலைக்கானவை, கடைசியாக வழவழப்பாக்குபவை. வேலை முன்னே போகப் போக உங்கள் கையும் வலப்பக்கம் நகரும். எந்தப் பிட் எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஒரே வடிவம் சேர்ந்து நிற்கட்டும், பெரியதிலிருந்து சின்னதாக. 5 மி.மீ. உருண்டை பெரிதாகப் பட்டால் பக்கத்திலேயே 4.

டைமண்ட் பிட்டின் கழுத்தில் ஒரு வண்ண வளையம் இருக்கும். பல் கருவிகளுக்கான முறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்: கறுப்பு மிகக் கரடு, பச்சை கரடு, நீலம் நடுத்தரம், சிவப்பு நுண்மை, மஞ்சள் அதைவிட நுண்மை, வெள்ளை எல்லாவற்றிலும் நுண்மை. உப்புத்தாளில் எண் பார்ப்பது போல இதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதே நிறத்தைக் கடைப்பிடிப்பதில்லை, அதனால் வாங்கியதும் ஒரு துண்டு மரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வரிசையில் சேருங்கள்.

பாலிஷ் மசி தடவிய ஃபெல்ட் தலைகள் தனி மூடி டப்பாவில் போகட்டும். உப்புத்தாள் உருளைகள், அவற்றை மாட்டும் மாண்ட்ரல்கள், மாண்ட்ரல் திருகு மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். திருகு தொலைந்தால் மாண்ட்ரல் வீண்.

6. கட்டை செய்வது

ஏன் கட்டை, ஏன் அறைப்பெட்டி இல்லை? பெட்டியில் பிட் படுத்துக்கிடக்கும், ஒன்றை எடுக்க நான்கைத் தள்ள வேண்டும். கட்டையில் ஒவ்வொன்றும் தன் துளையில் நிற்கும். தலைகள் ஒன்றையொன்று தொடாது, காலியான துளை ஒரு பிட் வெளியே இருக்கிறது என்று தானாகச் சொல்லும். இந்தக் கடைசிக் காரணத்துக்காக மட்டுமே நான் கட்டையை வலியுறுத்துவேன்.

எந்த மரம்? நன்றாகக் காய்ந்த தேக்கு, வாகை, மா, எதுவும் சரி. கருவேலம் வேண்டாம். கருவேலம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருத்துப்போகும், ஈரம் சேர்ந்தால் தண்டு அரிக்கும். பச்சை மரமும் வேண்டாம், காரணம் இதேதான்.

இதே காரணத்துக்காகத் தோல் உறையையும் தவிர்க்கச் சொல்வேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல தோல் துண்டுகள் கிடைக்கின்றன. பை பையாகத் தைத்து பிட்டுகளைச் சொருகி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பதனிட்ட தோலில் உப்பும் துவர்ப்பும் மிஞ்சியிருக்கும், ஈரத்தையும் இழுத்துவைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் தண்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. ஸ்பாஞ்சில் குத்தி வைப்பதும் இதே கதிதான்.

துளை அளவு: 2.35 தண்டுக்கு 2.5, 3-க்கும் 3.175-க்கும் 3.5, 6-க்கும் 6.35-க்கும் 6.5. சரியாக அதே அளவில் துளை போட்டால் முதல் நாள் கச்சிதமாக இருக்கும். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நாரின் குறுக்கே விரிந்து சுருங்கும், நாரின் நீளத்தில் அவ்வளவு மாறாது, அதனால் வட்டத் துளை லேசாக நீள்வட்டமாகும். அதோடு மரத்தூளும் சேர்ந்தால் பிட் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை இடுக்கியால் பிடித்து இழுக்கும்போதுதான் தண்டு வளைகிறது.

3-க்கும் 3.175-க்கும் ஒரே துளை அளவு என்பதால் இரண்டையும் ஒரே கட்டையில் வைக்கக் கூடாது. தண்டு அளவுக்கு ஒரு கட்டை, இதில் விதிவிலக்கு வேண்டாம். ஐந்து பிட் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் தனிக் கட்டை, சின்னதாக.

ஆழம்: 2.35, 3 மி.மீ. தண்டுகளுக்கு 20 மி.மீ. போதும். வழக்கமான பிட் 40 முதல் 45 மி.மீ. நீளம் இருக்கும், 20 உள்ளே போனால் கழுத்தைப் பிடித்து எடுக்க வெளியே இடம் மிச்சம். 6 மி.மீ. தண்டுக்கு 30 வரை போகலாம். தலை எப்போதும் மேலே. தலைகீழாகச் சொருகினால் எந்தப் பிட் என்று தெரியாது, பல்லும் துளைச் சுவரில் உரசும்.

இடைவெளி: இங்கே கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பக்கத்துப் பக்கத்துத் தலைகளுக்கு நடுவே ஒரு விரல் நுனி போக வேண்டும். 1 முதல் 3 மி.மீ. தலைகளுக்கு துளை மையத்திலிருந்து மையத்துக்கு 12 மி.மீ. 12 மி.மீ. தலை என்றால் 22. நெருக்கி வைத்தால் ஒன்றை எடுக்கும்போது பக்கத்து முள் தலை விரலைக் கிழிக்கும்.

செய்முறை: பலகையில் பென்சிலால் கோடு போட்டு, கூரான ஆணியால் ஒவ்வொரு மையத்திலும் குழி தட்டுங்கள். 2.5 மி.மீ. டிரில் மெல்லியது, குழி இல்லாவிட்டால் நாரின் போக்கில் ஓடிவிடும். 5 மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துத் தூளை உதறி மறுபடி இறக்குங்கள். ஒரே மூச்சில் இறக்கினால் தூள் அடைத்து டிரில் சூடாகி உடையும். கையால் பிடித்துத் துளைக்க வேண்டாம், பிட்டுகள் திசைக்கொன்றாகச் சாயும், தலைகள் முட்டும்.

பின்வரிசை உயரமாக, முன்வரிசை தாழ்வாகப் படிக்கட்டு போல இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்தால் எல்லாத் தலையும் கண்ணுக்குத் தெரியும். நவராத்திரிக் கொலுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே யோசனைதான். அவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்றால் கட்டையின் பின்பக்க அடியில் ஒரு ரீப்பர் துண்டு ஒட்டிச் சாய்த்துவிடுங்கள்.

பத்துப் பிட்டுக்கு இரண்டு துளை என்ற கணக்கில் காலித் துளைகளை ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் விட்டு வையுங்கள். இதை மறந்தவர்கள் அடுத்த பிட் வாங்கியதும் வரிசையைக் கலைக்கிறார்கள்.

துளை போட்டதும் உப்புத்தாளைச் சுருட்டித் துளை வாயைத் தேய்த்து, ஊதித் தூளை எடுத்து, பாலிஷ் ஒரு கை கொடுங்கள். ஒரு வாரம் திறந்த இடத்தில் காயட்டும். ஈர பாலிஷில் சொருகினால் தண்டு ஒட்டிக்கொள்ளும்.

7. அடையாளம்

ஒவ்வொரு கட்டையின் முன்முகத்திலும் ஒரு நிறப் பட்டை. எங்கள் பட்டறையில் 2.35 மஞ்சள், 3 சிவப்பு, 3.175 நீலம், 6 பச்சை, 6.35 வெள்ளை. அந்த அளவு கோலட்டின் டப்பாவிலும் அதே நிறம். எழுத்தைப் படிக்கும் முன் கண் நிறத்தைப் பிடித்துவிடும்.

துளைக்கு முன்னால் தலையின் உருவத்தை ஒரு சின்ன வட்டம், ஒரு சின்ன முக்கோணம் என்று பெயிண்ட் பேனாவால் வரைந்து, பக்கத்தில் அளவை எழுதுங்கள். பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டினால் ஒரே கோடையில் பசை காய்ந்து உதிரும்.

பிட்டின் தண்டில் நகப்பூச்சு பூசும் பழக்கம் பரவியிருக்கிறது. கோலட் கவ்வும் இடத்தில் அந்தப் பூச்சு இருந்தால் பிடி சரியாக விழாது, பிட் மையம் தப்பும். பூசியே ஆக வேண்டுமென்றால் தலைக்குக் கீழே, கழுத்தில் மட்டும்.

8. கட்டை நிற்கும் இடமும் மழைக்கால ஏற்பாடும்

வேலை செய்யும் கைப்பக்கம், எட்டிப் பார்க்காமல் எடுக்கும் தூரத்தில். கோலட் ஸ்பேனரும் அதே கட்டையில் ஒரு துளையில் நிற்கட்டும். சாணை மெஷினுக்குக் கீழேயோ பக்கத்திலோ வேண்டாம், இரும்புத்தூள் பறந்து வந்து தலைகளில் படிந்து துருப்பிடிக்கும், பிறகு வெளிர் மரத்தில் கறுப்புப் புள்ளியாக இறங்கும். சுவரில் காந்தப் பட்டை வைத்து பிட்டுகளை ஒட்டிவைப்பதும் இதனால்தான் எனக்குச் சம்மதமில்லை. காந்தம் முதலில் இழுப்பது அந்தத் தூளைத்தான்.

வேலை முடிந்தால் மூடி. அக்ரிலிக் ஷீட்டில் ஒரு பெட்டி ஒட்டிக் கவிழ்த்துவிடலாம். மேலே நிற்கும் கூர்முனைகளில் குழந்தைகள் கை வைக்காமலும் இருக்கும்.

நம் பக்கம் வருஷத்தில் பல மாதம் வறண்ட காற்று. தொல்லை அதிகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நிறம் மாறும் மணிகள் வாங்குவதானால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல மணியில் இருப்பது கோபால்ட் உப்பு, நச்சுத்தன்மை உள்ளது. ஈரம் குடித்த மணிகளை வறுத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் எந்த நிறமானாலும் சமையல் கடாயில் போட்டு வறுக்க வேண்டாம். அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை மாதங்களில் வாரம் ஒரு முறை தண்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

9. அன்றாடப் பழக்கம்

கட்டை செய்து முடித்த பத்தாம் நாள் மறுபடி மேசை முழுக்கப் பிட் சிதறிக் கிடந்தால், குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

காலையில் அன்றைய வேலைக்கு வேண்டிய ஐந்தாறு பிட்டுகளை மட்டும் எடுத்து ஒரு சின்னக் கட்டையில் வையுங்கள். உள்ளங்கை அளவு, ஆறு துளை. பிட் மாற்றும்போது கழற்றியது முதலில் துளைக்குப் போக வேண்டும், அப்புறம்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மேசையில் “சும்மா ஒரு நிமிஷம்” வைத்த பிட் உருண்டு கீழே விழும். சிமெண்டுத் தரையில் விழுந்த கார்பைடு பிட்டை லென்ஸில் பார்க்காமல் மறுபடி மாட்டாதீர்கள்.

செதுக்கி முடித்த தலை சுடும். உடனே துளையில் வைக்கலாம், தண்டுதானே உள்ளே போகிறது. ஆனால் சூட்டோடு தண்ணீரில் முக்க வேண்டாம்.

சாயங்காலம் பெருக்குவதற்கு முன் காலித் துளைகளை எண்ணுங்கள். ஒன்று காலியாக இருந்தால் பிட் தரையில் மரத்தூளுக்குள் இருக்கிறது. பெருக்கிய பிறகு எண்ணினால் குப்பைக் கூடையைத்தான் கிளற வேண்டும்.

10. வெளியூருக்கு எடுத்துப் போகும்போது

கோயில் வாகனம் பழுது பார்க்க, வீட்டுக் கதவுக்கு அங்கேயே திருத்தம் போட என்று போக வேண்டி வரும். முழுக் கட்டையைத் தூக்கிப் போகாதீர்கள். சின்னக் கட்டை, வேண்டிய பிட், அதற்கான கோலட். ஒவ்வொரு தலைக்கும் தடித்த ஸ்ட்ராவிலோ பிளாஸ்டிக் டியூப்பிலோ 2 செ.மீ. வெட்டி மாட்டிவிட்டு, கட்டையைத் துணியில் இறுகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு பள்ளம் போதும், துளையில் நிற்கும் பிட் எகிறி வெளியே வர.

11. புதிய பிட் வாங்கியதும்

கடையிலேயே வெர்னியரை வைத்துத் தண்டை அளங்கள், கண்ணாடி மேசை இருந்தால் உருட்டிப் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று வேகத்தை வீட்டுக்கு வந்ததும் கட்டையில் அந்தத் துளைக்கு முன்னால் எழுதிவிடுங்கள். தலை பெரிதாக ஆக, தண்டு நீளமாக ஆக அந்த எண் குறையும். 12 மி.மீ. தலைக்கும் 2 மி.மீ. தலைக்கும் ஒரே வேகம் வைக்க முடியாது. அட்டையை எறிந்த பிறகு அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

எழுதியபின் அந்தக் கூட்டத்தின் முடிவில் விட்டுவைத்த காலித் துளையில் சொருகுங்கள். காலித் துளை இல்லையென்றால் முதலில் டிரில்லை எடுங்கள், பிட்டை அதுவரை அதன் அட்டையிலேயே விட்டு வையுங்கள்.